சான்று கேட்ட சுவாமியார்

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு வள்ளமேறிச் செல்லும் அடியார்க்குக் கடலின் நடுவே தோன்றும் இரண்டு கற்களைச் சுட்டிக் காட்டுவது தீவகத்தின் பழைய வழக்கம். ஒன்று பாம்பு சுற்றிய கல். மற்றையது கருடன் கல். அம்பாளின் பூசைக்கு மலர்கொண்டு நீந்தி வந்த நாகத்தைக் கருடன் வழிமறித்தது என்றும், அஞ்சிய நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ளக் கருடன் மற்றைக் கல்லிற் காத்திருந்தது என்றும், அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் ஒருவன் இடைபுகுந்து நாகத்தைக் காத்தான் என்றும் தலவரலாறு கூறும். வள்ளத்தில் இருக்கும் தாய்மார் அந்தக் கற்களைக் கண்டதும் கைகூப்புவர்.

அதே தீவைப் பௌத்தர் நாகதீபம் என்பர். மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் மணியாசனம் ஒன்றுக்காகப் பொருதபோது புத்தர்பெருமான் எழுந்தருளி அவர்தம் பகையைத் தீர்த்தார் என மகாவமிசம் கூறுகின்றது. தமிழ் கற்றோரிற் பலர் அத்தீவை மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் என்பர். அக்காப்பியத்திலும் நாக அரசர் இருவரின் பூசலும் அதனைத் தீர்த்த புத்தபீடிகையும் உள.

இத்தனை கதைகளுக்கும் இடமான நயினாதீவில், நாகபூஷணி அம்மன் கோயிலிலேயே, ஒரு கல்வெட்டும் உண்டு. அது முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது, 12 ஆம் நூற்றாண்டுக்குரியது, தமிழில் எழுதப்பட்டது. அதில் நாகமும் இல்லை, கருடனும் இல்லை. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்குதல் வேண்டும் என்பதும், யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் ஆகும் என்பதும், பிற சரக்கேற்றிய கலம் உடைந்தால் பாதி அரசுக்கும் பாதி உடையவனுக்கும் ஆகும் என்பதுமே அதன் செய்தி. ஒரே கோயிலில் கதையும் கல்லும் அருகருகே இருக்கின்றன. கதை மனத்தை உருக்குகின்றது. கல் கணக்குச் சொல்லுகின்றது. இவற்றுள் எதனை நம்புவது? எதனை எதற்கு நம்புவது?

இந்த வினாவை யாழ்ப்பாணத்தார் முன் அஞ்சாது வைத்தவர்களுள் முதல்வரிசையில் நிற்பவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். வினாவை வைத்தவரோ நம்பிக்கையையே வாழ்வாகக் கொண்ட கத்தோலிக்கக் குரு. அதனாலேயே அவருடைய வரலாறு மாணவரும் ஆசிரியரும் ஊன்றிக் கற்கத் தக்கதாகின்றது.

அவர் 1875 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30 ஆம் நாள் மானிப்பாயிற் பிறந்தார். பெற்றோர் சைவர், தந்தையார் சுவாமிநாதபிள்ளை, தாயார் தங்கமுத்து. பிள்ளைக்கு இட்ட பெயர் வைத்தியலிங்கம். நல்லூரில் அரசிருந்த பரராசசேகரன் வழித்தோன்றல் என்று அக்குடும்பத்தைச் சொல்லுவதுண்டு. இளமையிலேயே தந்தையை இழந்த பிள்ளை, தாயார் அச்சுவேலித் தம்பிமுத்துப்பிள்ளை என்னும் கத்தோலிக்கரை மறுமணம் செய்துகொண்டமையால் புதிய வீடொன்றை அடைந்தது. தம்பிமுத்துப்பிள்ளை தமிழ்ப் புலமை வாய்ந்தவர், அச்சுக்கூடம் நடத்தியவர். மை மணக்கும் அவ்வீட்டிலேதான் வைத்தியலிங்கம் ஞானப்பிரகாசம் ஆனார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அவர் சமயம் மாறியது எந்த வாதத்திலும் தோற்றதனால் அன்று. எந்தச் சான்றையும் ஆராய்ந்து கண்டதனாலும் அன்று. நம்மிற் பெரும்பாலார்க்குச் சமயம் வருவது போலவே அவருக்கும் அது வீட்டின் வாயிலாக வந்தது. பிற்காலத்தில் அதனை அறிவாலும் உழைப்பாலும் தமக்கே உரியதாக்கிக்கொண்டார் என்பது வேறு.

சில காலம் புகையிரதப் பகுதியில் இலிகிதராக இருந்த இளைஞர், அரசாங்க உத்தியோகம் யாழ்ப்பாணத்தில் எவ்வளவு மதிப்புடையது என்பதை அறிந்திருந்தும், அதனை விட்டுக் குருமடம் புகுந்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணக் கத்தோலிக்கத் திருச்சபையை நடத்தி வந்தோர் அமலமரித் தியாகிகள் சபையினர்; அவருட் பெரும்பாலார் பிரெஞ்சு நாட்டவர். அவரிடம் பயின்று, 1901 ஆம் ஆண்டு டிசம்பர் 1 ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். அவருடைய குருப்பணி தொடங்கிய இடம் ஊர்காவற்றுறைப் பகுதி. பின்னர் நல்லூரைத் தமக்கு நிலையான இருப்பிடமாகக் கொண்டு, ஊர்தோறும் நடந்து போதித்து, பல ஆலயங்களை எழுப்பினார். குடிசைகளிலும் வயல்வரம்புகளிலும் மக்களோடு பழகிய அக்குருவானவரே இரவில் விளக்கின் முன் போர்த்துக்கேய, ஒல்லாந்தர் கால ஏடுகளோடும் கல்வெட்டுப் படிகளோடும் இருந்தார்.

ஊர்காவற்றுறை என்னும் பெயரே அவர்போன்ற ஆராய்ச்சியாளர்க்கு ஒரு பாடமாகும். ஊரைக் காவல் செய்யும் துறை ஆதலின் அப்பெயர் வந்தது என்று கேட்டவுடன் தோன்றும். நயினாதீவுக் கல்வெட்டோ அதனை ஊராத்துறை என்கின்றது. கடலுக்கு அப்பால், தொண்டைநாட்டுத் திருவாலங்காட்டிலுள்ள சோழர் கல்வெட்டும் ஊராத்துறை என்றே குறித்து, பராக்கிரமபாகு அங்கே மரக்கலம் கட்டுவித்த செய்தியைக் கூறுகின்றது. பகைவர் இருவருடைய கல்வெட்டுகள் ஒரே பெயரைச் சொல்லும்போது அப்பெயரை மறுப்பதற்கு இடமில்லை. காவல் என்னும் பொருள் பின்வந்தோர் பழம்பெயருக்குப் பொருத்திய விளக்கம். பெயர் பழையது, விளக்கம் புதியது. மரபுக்கதைகள் பலவும் இவ்வாறே வளருகின்றன.

யாழ்ப்பாணத்தில் சான்று என்பது அக்காலத்தில் அமைதியான கல்வி ஆயுதமாக இருக்கவில்லை. சமயப்போரின் வாளாக இருந்தது. தீவகத்துக்கு எதிர்க்கரையிலுள்ள அராலியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் 1829 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திரகிரகணத்தைக் கணித்திருந்தார். வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவரான அமெரிக்க மிசனரி தானியேல் பூவர் அக்கணிதத்திற் பிழை கண்டு, தம் கணிதத்தை முன்வைத்தார். கிரகணம் பூவரின் கணக்கின்படியே நிகழ்ந்தது. பஞ்சாங்கம் பிழைத்தால் புராணமும் பிழைக்கும், புராணம் பிழைத்தால் சைவமும் தளரும் என மிசனரிமார் எண்ணினர். பஞ்சாங்கத்தின் மதிப்புக் குறைந்தது, சைவமோ தளரவில்லை. ஏனெனில் மக்கள் கோயிலுக்குச் சென்றது கிரகணம் எத்தனை நாழிகை நிற்கும் என்று அறிவதற்கன்று. ஆறுமுக நாவலர் 1854 இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டு, சைவத்திற் குற்றமென மிசனரிமார் காட்டிய கிரியைகளுக்கு ஒப்பானவை அவர்தம் வேதாகமத்திலும் உள எனக் காட்டினார். ஒரு சமயத்தார் ஏந்திய வாள் இரு பக்கமும் கூருடையது என்பதை அந்நூல் உணர்த்தியது.

இந்தப் போர்க்களத்திலேதான் ஞானப்பிரகாசரும் இறங்கினார். பிள்ளையாரையும் சுப்பிரமணியரையும் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிச் சுவடிகள் சைவர் மனத்தைப் புண்படுத்தின என்பதை மறைத்தல் ஆகாது. ஒரு தெய்வ வழிபாடு எந்த நாட்டில், எந்தக் காலத்தில் தோன்றிப் பரவியது என்பதை ஆராய்வது வரலாற்றுக்கு உரியது. அவ்வாராய்ச்சியைக் கொண்டு அந்த வழிபாட்டை வீழ்த்த முனைவது வேறொரு செயல். வரலாற்றறிஞராகிய ஞானப்பிரகாசரும் போதகராகிய ஞானப்பிரகாசரும் அச்சுவடிகளில் ஒருவரை ஒருவர் நெருக்கினர். அவர் பெருமைக்குக் காரணமான பகுதி இதுவன்று.

அவருடைய பெருமை யாழ்ப்பாண அரசின் வரலாற்றை ஆராய்ந்த முறையில் உள்ளது. ஒல்லாந்தர் ஆட்சியில், ஏறத்தாழ 1736 ஆம் ஆண்டளவில், மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையே அந்நாள்வரை யாழ்ப்பாணத்தாருக்கு வரலாற்று வேதமாக இருந்தது. கைலாயமாலை, வையாபாடல் முதலிய பழைய நூல்களைக் கொண்டு புலவர் அதனைத் தொகுத்தார். அரசனிடம் மணற்றிடலைப் பரிசாகப் பெற்ற கண்ணிழந்த யாழ்ப்பாடி, குதிரைமுகத்தோடு வந்து கீரிமலைத் தீர்த்தமாடி அழகுருவம் பெற்ற மாருதப்புரவீகவல்லி, அவளை மணந்த உக்கிரசிங்கன் எல்லாரும் அதில் வருகின்றனர். கீரிமலையில் இன்றும் நீராடுகின்றோம். மாவிட்டபுரத்தில் இன்றும் வணங்குகின்றோம். ஊர்ப்பெயர்களே அக்கதைகளுக்குச் சாட்சிபோல் நிற்கையில் அவற்றை ஐயுறுவார் யார்?

ஞானப்பிரகாசர் ஐயுற்றார். 1920 இல் போர்த்துக்கேயர் காலத்து யாழ்ப்பாண அரசரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1928 இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்னும் தமிழ்நூலை வெளியிட்டார். வைபவமாலை சொல்லும் ஒவ்வொரு செய்தியையும் அந்நூலுக்கு வெளியேயுள்ள சான்றோடு வைத்து நிறுத்துப் பார்ப்பதே அவர் கைக்கொண்ட முறை. பாண்டியன் குலசேகரனுக்காக 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈழத்தின்மேற் படையெடுத்து, தந்ததாதுவைக் கவர்ந்து சென்ற ஆரியச்சக்கரவர்த்தியைச் சூளவமிசம் குறிக்கின்றது. 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அராபிய யாத்திரிகர் இபுன் பதூதா ஆரியச்சக்கரவர்த்தியை நேரிற் கண்டு எழுதியுள்ளார். கேகாலைப் பகுதியின் கொட்டகமக் கல்வெட்டு ஆரியரின் வெற்றியைத் தமிழ்ச் செய்யுளிற் பாடுகின்றது. சேது என்னும் சொல் பொறித்த காசுகள் மண்ணிலிருந்து கிடைத்துள்ளன. சிங்களப் பிக்குவும் அராபிய யாத்திரிகரும் கல்தச்சனும் காசடித்தவனும் தம்முட் கூடிப் பேசியவர் அல்லர்; ஆகவே அவர் கூற்றுகள் ஒத்துவரும் இடத்தில் வரலாற்றின் நிலம் உறுதியாகின்றது. குதிரைமுக இளவரசிக்கு இத்தகைய சாட்சி ஒன்றேனும் இல்லை.

இத்துறையில் அவரோடு உடனுழைத்தும் மாறுபட்டும் நின்றவர் முதலியார் செ. இராசநாயகம். 1926 இல் வெளிவந்த அவருடைய பண்டைய யாழ்ப்பாணம் என்னும் ஆங்கில நூல் பழங்கதைகளின் உள்ளே வரலாற்றுக் கருவைத் தேடியது. இருவரும் ஒரு செய்தியில் ஒன்றுபட்டனர்: 1215 ஆம் ஆண்டளவில் படையோடு வந்த கலிங்கமாகனை யாழ்ப்பாண அரசின் தொடக்கத்தோடு இணைத்தனர். ஆயினும் பின்வந்த கா. இந்திரபாலா முதலிய வரலாற்றாசிரியர் அக்கொள்கையையும் சான்று போதாதென்று ஐயுற்றனர். 1963 இல் நயினாதீவுக் கல்வெட்டை ஆராய்ந்து பதிப்பித்தவரும் இந்திரபாலாவே. ஞானப்பிரகாசர் மயில்வாகனப் புலவரிடம் கேட்ட வினாவையே அடுத்த தலைமுறை ஞானப்பிரகாசரிடம் கேட்டது. இதனை அவருக்கு நேர்ந்த தோல்வி எனக் கருதுதல் பிழை. அவர் நட்ட மரம் காய்த்தது என்றே கொள்ளுதல் தகும்.

இனி, படிப்போர் மனத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. புலவரின் வைபவமாலையைச் சான்றென்னும் தராசில் வைத்தவர் தம் வேதாகமத்தையும் அதே தராசில் வைத்தாரா? அவருடைய வரலாற்று நூல்களில் அந்தத் தராசு வேதாகமத்துக்காகத் தூக்கப்படவில்லை. இதற்கு அவர் வாழ்ந்த காலமும் ஒரு காரணம். ஐரோப்பாவிலே கத்தோலிக்க அறிஞர் சிலர் வரலாற்றாராய்ச்சி முறையை வேதாகமத்தின்மேற் செலுத்தியபோது, பாப்பரசர் பத்தாம் பயஸ் 1907 இல் அப்போக்கைக் கண்டித்துத் திருமுகம் விடுத்தார். 1910 இல், மேய்ப்புப் பணியிலுள்ள குருமார் யாவரும் அப்போக்கை மறுத்து ஆணையிடுதல் வேண்டும் என்று விதித்தார். 1943 இலேதான் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் வேதாகம ஆராய்ச்சிக்கு அகன்ற வழி திறந்தார். அந்நாளில் ஞானப்பிரகாசர் 68 வயதை எட்டியிருந்தார். அவருடைய உழைப்புமிக்க ஆண்டுகள் எல்லாம் கதவு மூடியிருந்த காலத்தில் அடங்கின.

ஆனால் இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். அவர் தம் சமய நம்பிக்கையை மண்ணிற் கிடைக்கும் சான்றின்மேற் கட்டவில்லை. ஆதலின் எந்த மண்வெட்டிக்கும் அவர் அஞ்ச நேரவில்லை. நம்பிக்கையை மண்வெட்டியிடம் ஒப்படைத்தவர்க்கு நேர்ந்ததை அமெரிக்க நாட்டு மோர்மன் சமயத்தாரின் வரலாற்றிற் காணலாம். யோசேப்பு சிமித் 1830 இல் வெளியிட்ட மோர்மன் நூல், பண்டைக்காலத்தில் எருசலேமிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய மக்களின் வரலாற்றைக் கூறுவது. அச்சமயத்தைச் சேர்ந்த தாமசு பெர்குசன் என்னும் வழக்கறிஞர் அதனை அகழ்வாராய்ச்சியால் நிறுவிவிடலாம் என உறுதியாக நம்பி, 1952 இல் அதற்கென ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் தொடக்கினார். ஆண்டுகள் சென்றன, மெக்சிக்கோ நாட்டு மண்ணில் பழம்பொருள்கள் ஏராளமாக வெளிவந்தன, அவர் தேடிய சான்று வரவில்லை. சிமித்தின் உடைமையாயிருந்த எகிப்திய ஏடுகள் சில 1967 இல் மீண்டும் வெளிப்பட்டன. அவற்றிலிருந்தே ஆபிரகாமின் நூலைத் தாம் மொழிபெயர்த்ததாகச் சிமித் கூறியிருந்தார். எகிப்திய மொழி வல்லுநரோ அவை இறந்தோர்க்குரிய வழக்கமான சடங்கு ஏடுகளே எனப் படித்துக் காட்டினர். பெர்குசனின் உறுதி குலைந்தது. அச்சமயத்தார் இலட்சக்கணக்கானோர் இன்றும் தம் நம்பிக்கையிற் குறைவின்றி வாழுகின்றனர். குலைந்தது சான்றையே தூணாக நட்டவருடைய உறுதி.

ஞானப்பிரகாசருக்கும் இத்தகைய தூண் ஒன்று இருந்தது. அது சமயத்தில் இல்லை, தமிழில் இருந்தது. அவருடைய பெருமுயற்சி சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி. 1938 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. தமிழ்ச் சொற்களை அவற்றின் வேர்வரை தொடர்ந்து சென்று, உயிரெழுத்துகளின் தொடக்கப் பொருளைக் கண்டு, அவ்வேர்களே இந்து ஐரோப்பிய மொழிகளிலும் உள எனக் காட்ட அவர் முயன்றார். எத்தனையோ மொழிகளின் சொற்களை ஒருவராய்த் திரட்டிய அவ்வுழைப்புக்கு ஈடு கூறுதல் அரிது. ஆயினும் ஒலி ஒப்புமை மட்டும் உறவைக் காட்டாது. ஒலிமாற்றங்கள் ஒழுங்கான விதிக்கு அடங்குதல் வேண்டும் என்பதே ஒப்பியல் மொழிநூலின் அடிப்படை. 1961 இல் வெளிவந்த பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி அவ்விதியைக் கைக்கொண்டு வேறு வழியிற் சென்றது. தமிழ் வேர்களிலிருந்து ஐரோப்பிய மொழிகளையும் விளக்கலாம் என்னும் கருத்தை மொழிநூலார் ஏற்றுக்கொள்ளவில்லை.

இங்கேதான் இவ்வாழ்க்கை நமக்கு நெருங்கி வருகின்றது. அரசகுலக் கதையில் ஐயுற்ற கண், தாய்மொழியின் தொன்மையில் ஐயுறத் தயங்கியது. பிறர் நேசிப்பதை ஆராய்தல் எளிது. தாம் நேசிப்பதை ஆராய்தல் அரிது. இந்த அருமை ஞானப்பிரகாசருக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்க் கோயிலின் பழமையைப் பேசும்போதும், நம் குலத்தின் பெருமையைப் பேசும்போதும், நம் மொழியே முதன்மொழி என மேடையில் முழங்கும்போதும் நாம் யாவரும் அத்தயக்கத்துக்கு ஆளாகின்றோம்.

அகராதி முற்றுப்பெறவில்லை. 1947 ஆம் ஆண்டு சனவரி மாதம் 22 ஆம் நாள் சுவாமி ஞானப்பிரகாசர் நல்லூரில் இயற்கை எய்தினார். அவர் காலமான பின் அவரைப் பற்றியும் கதைகள் வளர்ந்தன. எழுபத்திரண்டு மொழிகள் அறிந்தவர் என்று மேடைதோறும் கூறுவர். அவர் இருந்து கேட்டிருப்பின், அதனை எண்ணியவர் யார், எந்த ஏட்டிற் குறித்தார், அதற்குப் பிறிதோர் சாட்சி உண்டோ என்று உசாவியிருப்பார். சான்று கேட்கக் கற்பித்தவரைச் சான்றில்லாப் புகழால் அலங்கரித்தல் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் எழுதிவைத்த நூல்களே போதிய சாட்சி.

நயினாதீவுக் கடலில் அந்த இரு கற்களும் இன்றும் நிற்கின்றன. வள்ளத்தில் செல்லும் தாய்மார் இன்றும் கைகூப்புகின்றனர். அக்கைகளை இறக்கும்படி எந்தக் கல்வெட்டும் கேட்பதில்லை. கோயிலிலுள்ள பராக்கிரமபாகுவின் கல்லும், உடைந்த மரக்கலத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பதைச் சொல்லியபடி இருக்கின்றது. அதனைப் படிப்பவர் அம்பாளை வணங்காது திரும்ப வேண்டியதும் இல்லை. கைகூப்பும் இடத்தில் கைகூப்பி, கல்லைப் படிக்கும் இடத்தில் கல்லைப் படித்து, ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படையாது வாழப் பழகுதல் அரிய கல்வி. சுவாமி ஞானப்பிரகாசர் அக்கல்வியிற் பாதியைத் தாம் கற்றதனாலும், மீதியைத் தாம் தவறியதனாலும் நமக்குக் கற்பித்துச் சென்றார்.